சுவருக்குள் ஒரு திட்டம்: கட்டட மின்னமைப்பின் வரலாறு

ஒரு கட்டடத்துக்குள் மின்சாரம் எந்த இடத்தில் நுழைய வேண்டும், நுழைந்தபின் எத்தனை கிளைகளாகப் பிரிய வேண்டும், ஒவ்வொரு கிளையும் எவ்வளவு சுமை தாங்க வேண்டும், ஒரு கிளையில் பழுது நேர்ந்தால் அதை எது துண்டிக்க வேண்டும் என்பவற்றைச் சுவர் எழும்புவதற்கு முன்பே தாளில் முடிவு செய்வதே மின்னமைப்புத் திட்டமிடல் ஆகும். மின்விளக்கை உருவாக்கியவர்களின் பெயர்கள் பள்ளிப் பாடங்களில் நிலைத்திருக்க, அந்த விளக்கை மனிதர் உறங்கும் அறைக்குள் அச்சமின்றி எரியவிட வழிசெய்த இத்துறையின் வரலாறு பெரும்பாலும் சொல்லப்படாமலே இருக்கிறது. சுமார் 140 ஆண்டுகளில் கம்பி மாறியிருக்கிறது; அதைச் சுற்றிய காப்பு மாறியிருக்கிறது; சுவிட்சின் வடிவமும் மாறியிருக்கிறது. மாறாமல் நின்றது ஒரு கருத்து. மின்சாரத்தை முறையாகப் பிரித்துக் கொடுத்தால் எங்கே பிழை நேர்ந்தாலும் அது நேர்ந்த இடத்தோடு நின்றுவிடும். பிரிக்கத் தவறினால் ஒரு மூலையில் நேர்ந்த பிழை கட்டடம் முழுவதையும் பற்றிக்கொள்ளும்.

19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய நகரங்களில் அரங்குகளுக்கும் பெரிய வீடுகளுக்கும் வெளிச்சம் தந்தது நிலக்கரி வாயு. அதன் ஆபத்தை 1881 டிசம்பர் 8 அன்று வியன்னாவின் ரிங் நாடக அரங்கில் நேர்ந்த தீ விபத்து உலகுக்கு உணர்த்தியது. வாயு விளக்கு ஏற்றும்போது மூண்ட அத்தீயில் பல நூறு பேர் உயிரிழந்தனர். அதே மாதத்தின் இறுதியில் லண்டன் சவாய் அரங்கின் உரிமையாளர் ரிச்சர்ட் டாய்லி கார்ட், எரிந்துகொண்டிருந்த மின்விளக்கு ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி மேடையிலேயே உடைத்து, துணியில் தீப்பற்றவில்லை என்று பார்வையாளர்களுக்குக் காட்டினார். விளக்கைப் பொறுத்தவரை அவர் காட்டியது உண்மையே. ஆயினும் விளக்குக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பிகளைப் பற்றி அந்தச் செய்முறை எதையும் சொல்லவில்லை.

கம்பியை வீட்டுக்குள் எப்படிக் கொண்டு செல்வது என்பதற்கு அப்போது எந்த மரபும் இல்லை. இங்கிலாந்தின் வடகிழக்கில் கிராக்சைடு என்னும் தம் மாளிகையில் நீர்விசையால் மின்சாரம் உண்டாக்கி, 1880இன் இறுதியில் ஜோசப் ஸ்வானின் விளக்குகளை ஏற்றிய வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங், நூலகத்தில் சில விளக்குகளைச் செம்பின்மேல் எனாமல் பூசிய ஜாடிகளின் மேல் அமைத்தார். ஜாடியின் செம்பு உடலே மின்சாரம் திரும்பிச் செல்லும் பாதையாக இருந்தது. அடியில் பாதரசம் நிரம்பிய சிறு கிண்ணம் இருக்க, ஜாடியை அதன்மேல் வைத்தால் விளக்கு எரியும், தூக்கினால் அணையும். சுவிட்ச் என்ற பொருள் வீட்டுக்குள் வருவதற்கு முந்தைய இந்த ஏற்பாடு நுட்பமானது என்றாலும், மின்னோட்டம் அளவு மீறினால் அதைத் தடுக்கும் எதுவும் அதில் இல்லை. நியூயார்க்கில் செல்வர் வில்லியம் வாண்டர்பில்ட்டின் வீட்டில் எடிசனின் ஆட்கள் கம்பி இழுத்தபோது, சுவர்த் துணியில் நெய்யப்பட்டிருந்த மெல்லிய உலோக இழைகளின் வழியே இரு கம்பிகளுக்கிடையே மின்சாரம் பாய்ந்து துணி புகையத் தொடங்கியது என்று எடிசன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த வீட்டு அம்மையாரோ மின்னமைப்பு முழுவதையும் அகற்றச் சொல்லிவிட்டார். மின்சாரம் தன் வழக்கமான பாதையை விட்டுத் தடையில்லாத குறுக்குவழியில் பாய்வதே குறுக்குச்சுற்று எனப்படுவது. அப்போது பெருகும் மின்னோட்டம் கம்பியைச் சில நொடிகளில் பழுக்கக் காய்ச்சிவிடும்.

இந்த அனுபவங்களுக்கு விடை தேடியவர்கள் முதலில் காப்பீட்டு நிறுவனங்களும் பொறியாளர்களும்தாம். 1882இல் லண்டனின் தந்தி மற்றும் மின்பொறியாளர் சங்கம் அமைத்த குழு, மின்விளக்கால் நேரும் தீயைத் தடுப்பதற்கென 21 விதிகளைச் சில பக்கங்களில் வெளியிட்டது. வில்லியம் தாம்சன், ஜான் ஹாப்கின்சன், வில்லியம் பிரீஸ், ஆர்.ஈ.பி. கிராம்ப்டன் போன்றோர் அதில் இடம்பெற்றிருந்தனர். இளமையில் இந்தியாவில் ராணுவ அதிகாரியாகப் பணியாற்றிய கிராம்ப்டனின் பெயரை இன்றும் தமிழ்நாட்டு வீடுகளின் மின்விசிறிகளில் காணலாம். புதிய துறையில் ஆபத்து பெரும்பாலும் சாதனங்களை அமைப்பவர்களின் அறியாமையாலும் பழக்கமின்மையாலும் விளைகிறது என்றும், மின்சாரத்தின் குறைகள் கண்ணுக்குத் தெரியாதவையாதலால் சோதித்துப் பார்ப்பதே அவற்றைக் காணும் வழி என்றும் அக்குழு எடுத்துரைத்தது. விதிகளுள் சில பிற்கால வரலாறு முழுவதற்கும் அடிப்படையாயின. செல்லவேண்டிய மின்னோட்டத்துக்கு ஏற்ற தடிமனில் கம்பி இருக்க வேண்டும். பெரிய கம்பியிலிருந்து சிறிய கம்பி பிரியும் ஒவ்வோர் இடத்திலும் உருகி, அதாவது ஃப்யூஸ், இருக்க வேண்டும். கம்பியின் எந்தப் பகுதியும் 150 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சூடாகக் கூடாது. கிளை பிரியும் இடமே காவல் வேண்டிய இடம் என்ற அறிவு இவ்வாறு எழுத்தில் பதிந்தது. பிரிட்டனில் 18 பதிப்புகள் கண்டு இன்றும் வழங்கிவரும் ஒயரிங் விதிகளின் முதல் பதிப்பு இதுவே. அமெரிக்காவில் இதற்கு இணையான தேசிய மின்விதித் தொகுப்பு 1897இல் உருவாயிற்று.

உருகி என்பது தேவைக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாய்ந்தால் முதலில் தானே உருகி அறுந்து, மற்ற கம்பிகளைக் காக்கும் மெல்லிய உலோக இழை. 1880இலேயே எடிசன் இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1884இல் நியூகாசிலைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ், தொடுமுனைகளை ஒரே விசையில் சட்டென்று பிரித்து, தீப்பொறியால் அவை எரிந்துபோகாமல் காக்கும் சுவிட்சை உருவாக்கினார். கருவிகள் கிடைத்தாலும் அவற்றை எங்கே வைப்பது என்பதில் இரு முறைகள் எதிரெதிராக நின்றன. மர முறையில் தடித்த இரு கம்பிகள் மாடிகள்தோறும் ஏறிச் செல்ல, வேண்டிய இடங்களில் எல்லாம் கிளைகள் எடுக்கப்பட்டன. கம்பிச் செலவு குறைந்தாலும் உருகிகள் வீடெங்கும் சிதறிக் கிடந்ததால், எந்த உருகி அறுந்தது என்று இருட்டில் தேட வேண்டியிருந்தது. கிளை எடுத்த இணைப்புகளே பழுதின் பிறப்பிடங்களாகவும் ஆயின. பகிர்வுப் பலகை முறையில் எல்லாக் கிளைகளும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டு, ஒவ்வொன்றும் தனக்குரிய உருகியின் வழியே தனித்தனியாகச் சென்றன. இரண்டாம் முறையே வென்றது. இன்று டி.பி. என்று எலக்ட்ரீஷியன்கள் குறிப்பிடும் பெட்டி அதன் நேரடி வாரிசு. இந்த வெற்றிக்குப் பின் திட்டமிடாமல் ஒயரிங் செய்வது இயலாததாயிற்று. கம்பிகள் எல்லாம் ஓரிடத்தில் தொடங்க வேண்டுமானால் அவை எங்கே முடியும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் மின்சாரம் முதலில் பெருநகரங்களின் பொது வாழ்வில் நுழைந்தது. சென்னையில் 1895இல் மின் டிராம் ஓடத் தொடங்கியது. கல்கத்தாவில் 1899இல் மின்நிலையம் இயங்கி வீடுகளுக்கு இணைப்பு தரப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சென்னை பேசின் பிரிட்ஜில் மின்நிலையம் எழுந்தது. 1903இல் இயற்றப்பட்ட இந்திய மின்சாரச் சட்டத்தின் இடத்தை 1910இன் சட்டம் பிடித்தது. 1930களில் பைக்காரா, மேட்டூர் நீர்மின் நிலையங்களிலிருந்து உயரழுத்தக் கம்பிகள் நீண்டபோது, அதுவரை நகரத்துச் செல்வர்க்கே உரியதாக இருந்த ஒயரிங் வேலை சிற்றூர்களிலும் ஒரு தொழிலாக வேரூன்றியது. 1956இன் இந்திய மின்சார விதிகள், உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரைக் கொண்டு, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில்தான் மின்னமைப்பு வேலை நடக்க வேண்டும் என்று வரையறுத்தன. 1882இன் குழு சுட்டிய அறியாமை என்னும் ஆபத்துக்கு இந்தியச் சட்டம் தந்த விடை இது.

அக்கால வீடுகளில் ஒயரிங் சுவருக்கு வெளியே கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. தொடக்கத்தில் இரு காடிகள் வெட்டிய மரப்பட்டையில் ரப்பர் காப்பிட்ட கம்பிகளை வைத்து, மேலே மர மூடி அறைந்தனர். இது கேசிங் கேப்பிங் எனப்பட்டது. அதன்பின் பரவலாக வழங்கியது பேட்டன் முறை. சுவரில் துளையிட்டு மரக்கட்டைகளைச் சிமெண்டு வைத்துப் பதித்து, அவற்றின்மேல் வார்னிஷ் பூசிய தேக்குப் பட்டைகளைத் திருகாணியால் முடுக்கி, பட்டையின் நெடுகச் சிறு இடைவெளிகளில் தகரக் கிளிப்புகளை ஆணியடித்து, கம்பிகளை ஒன்றன்பக்கம் ஒன்றாகப் படிய வைத்துக் கிளிப்பின் நாக்கை மடித்துப் பூட்டுவார்கள். மூலையில் கம்பி வளைவதும், உத்திரத்தைச் சுற்றி ஏறுவதும், வட்ட மரக்கட்டையின்மேல் பீங்கான் ஹோல்டரில் முடிவதும் பார்த்தவுடன் புரியும். வீட்டின் மின்வரைபடமே சுவரில் வெளிப்படையாக இருந்ததால், பழுதான கம்பியைக் கண்ணால் பின்தொடர்ந்து கண்டுபிடிக்க முடிந்தது. சுட்டெரிக்கும் கோடையில் ரப்பர் காப்பு காய்ந்து வெடித்து உதிர்வதே இம்முறையின் பெருங்குறையாக இருந்தது; பி.வி.சி. காப்பிட்ட கம்பி வந்தபின் அது நீங்கியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனும் இந்தியாவும் இத்துறையில் வெவ்வேறு பாதைகளில் சென்றன. போர் முடிந்ததும் பல லட்சம் வீடுகளைக் கட்ட வேண்டியிருந்த பிரிட்டனில் செம்பு அரிதாக இருந்தது. போர் நடந்துகொண்டிருந்த 1942இலேயே கூட்டப்பட்ட வல்லுநர் குழு, பலகையிலிருந்து புறப்படும் கம்பி அறைகளைச் சுற்றி மீண்டும் அதே உருகிக்கே திரும்பும் வளையச் சுற்றைப் பரிந்துரைத்தது. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் இரு பக்கமிருந்தும் மின்சாரம் வருவதால் குறைந்த செம்பில் அதிக சாக்கெட்டுகளைத் தர முடிந்தது. வளையம் முழுவதற்கும் ஒரே பெரிய உருகி என்பதால், ஒவ்வொரு கருவியின் பிளக்குக்குள்ளும் தனி உருகி வைக்கப்பட்டது. பிரித்தல் என்னும் கொள்கை இவ்வாறு பிளக் வரை இறங்கி வந்தது. அக்குழுவின் ஒரே பெண் உறுப்பினரான கரோலின் ஹாஸ்லெட் குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்தியவர். 1947இல் வெளிவந்த 13 ஆம்பியர் தரத்தில், எர்த் முனை நுழைந்தால் மட்டுமே மற்ற துளைகள் திறக்கும் மூடி இடம்பெற்றது. இந்தியாவோ அதற்கு முந்தைய வட்ட முனை பிளக்குகளையே தன் தரமாகத் தக்கவைத்துக்கொண்டது. 5 ஆம்பியருக்குச் சிறியது, 15 ஆம்பியருக்குப் பெரியது என்று தொடங்கி இன்று 6, 16 என வழங்கும் இப்பிளக்குகளில் எர்த் முனை மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பதால், மின்சாரம் தொடும் முன்பே கருவியின் உடல் நிலத்தோடு இணைந்துவிடுகிறது. வளையச் சுற்று இந்தியாவில் வழக்கமாகாததால், இங்கே ஒவ்வொரு கிளையையும் பலகையிலிருந்தே தனியாகத் திட்டமிட வேண்டிய பொறுப்பு முழுமையாக நீடித்தது.

அப்பொறுப்பை இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 732 என்னும் ஒயரிங் நெறிமுறையும், 1985இல் வெளிவந்த தேசிய மின்விதித் தொகுப்பும் எண்களாக வகுத்தன. ஒரு விளக்குச் சுற்றில் 10 பாயிண்டுகளுக்கோ 800 வாட்டுக்கோ மேல் கூடாது. மின்விசைச் சுற்றில், அதாவது பவர் பிளக்குகளுக்கான சுற்றில், இரண்டு சாக்கெட்டுகளுக்கு மேல் கூடாது. சுவிட்ச் எப்போதும் பேஸ் கம்பியில்தான் இருக்க வேண்டும். வேலை முடிந்தபின் காப்புத் தடையை, அதாவது கம்பியின் காப்பு மின்கசிவைத் தடுக்கும் அளவை, அளக்க வேண்டும். 1889 முதல் சிட்னி எவர்ஷெட் செம்மைப்படுத்தி, பின் மெக்கர் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய கருவியே இதற்குப் பயன்பட்டது. 50 மெகாஓமைப் பாயிண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் அளவுக்குக் குறையாமல் தடை இருக்க வேண்டும் என்பது அப்போதைய நெறி.

கான்கிரீட் தளம் பரவலானபோது கம்பி சுவருக்குள் மறைந்தது. தளம் போடுவதற்கு முந்தைய நாளில், முறுக்குக் கம்பிகள் கட்டி முடிந்த பலகையடைப்பின்மேல் எலக்ட்ரீஷியன் ஏறி, விளக்குக்கும் விசிறிக்கும் உரிய பெட்டிகளை இடம் பார்த்துக் கட்டி, அவற்றுக்கிடையே பைப்புகளை வளைத்துப் பூட்டி, கலவை புகாமல் வாய்களை அடைத்துவைக்கிறார். மறுநாள் கலவை கொட்டியபின் அந்தப் பாதைகளை மாற்ற வழியில்லை. பேட்டன் காலத்தில் சுவரே வரைபடமாக இருந்ததால், தாளில் வரைபடம் இல்லாமல் சமாளிக்க முடிந்தது. பைப்புகள் மறைந்தபின் தாள் வரைபடம் ஒன்றே சான்று. தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் இல்லாமல் போனதும் அதுவே. வீடு கட்டுபவர் சுண்ணாம்புக் கோட்டால் சுவரில் காட்டிய இடங்களே திட்டமாகி, பூச்சு வேலையோடு அவையும் மறைகின்றன.

இதற்கிடையே கம்பியும் சுமையும் மாறின. செம்புத் தட்டுப்பாட்டால் 1960களில் இருந்து இந்திய வீடுகளில் அலுமினியக் கம்பிகள் பெருமளவு பொருத்தப்பட்டன. அலுமினியம் திருகாணியின் அழுத்தத்தில் மெல்லத் தளர்வதால், இணைப்புகள் சூடாகிக் கருகுவது பல வீடுகளில் தொடர் பழுதாயிற்று. 800 வாட் என்ற வரம்பு குண்டு பல்புக்கும் விசிறிக்கும் போதுமானதாக இருந்தது. வெந்நீர்க் கருவி ஒன்றே 2,000 வாட் கேட்கும்போது, அது 230 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் ஆகிறது. ஒரு விளக்குச் சுற்று முழுவதும் இழுக்கும் மின்னோட்டத்தைப்போல் இது இரண்டரை மடங்கு. இத்தகைய கருவிக்குத் தனிச் சுற்று இல்லாத பழைய வீட்டில், அடிக்கடி அறுந்த உருகிக்குத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவைக்கும் பழக்கம் பரவியது. இச்செயல் 1882இன் விதியைத் தலைகீழாக்குகிறது; உருகவேண்டியது உருகாமல் நிற்க, சுவருக்குள் இருக்கும் கம்பி உருகுகிறது.

இந்தப் பழக்கத்துக்கு முடிவு கட்டியது, 1924இல் ஜெர்மனியில் ஹியூகோ ஸ்டோட்சின் நிறுவனத்தில் உருவான, இன்று எம்.சி.பி. எனப்படும் தானியங்கித் துண்டிப்பான். கம்பி சுற்றி ஏமாற்ற அதில் இடமில்லை. ஆனால் உருகியும் எம்.சி.பி.யும் கம்பியைக் காப்பவை. மனித உடல் வழியே நிலத்துக்குக் கசியும் சிறு மின்னோட்டத்தை அவை உணர்வதில்லை. கலிஃபோர்னியாவின் சார்ல்ஸ் டால்சீல், மனித உடல் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்று நெடுங்காலம் ஆராய்ந்து 1960களின் தொடக்கத்தில் மின்கசிவுத் துண்டிப்பானை வடிவமைத்தார். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லையென்றால், எங்கோ கசிகிறது என்று உணர்ந்து அது இணைப்பைத் துண்டிக்கிறது. உயிர்காக்கும் அளவாக வீடுகளில் வழங்குவது 30 மில்லிஆம்பியர். இந்தியாவில் 2010இன் மத்திய மின் ஆணைய விதிமுறைகள் 5 கிலோவாட்டும் அதற்கு மேலும் சுமையுள்ள இணைப்புகளுக்கு மின்கசிவுக் காப்பைக் கட்டாயமாக்கின.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் விதிகள் பலவும் விபத்துகளுக்கும் பழுதுகளுக்கும் விடையாக எழுதப்பட்டவை என்பதும், விதியை மீறும் வீடு அத்தகைய விபத்தைத் தனக்குள் மீண்டும் அழைக்கிறது என்பதும் தெளிவாகும். ஆகவே கட்டட வரைபடத்தோடு மின்வரைபடமும் தளம் போடுவதற்கு முன் முடிவாக வேண்டும். குளிரூட்டி, வெந்நீர்க் கருவி, மின்னடுப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிச் சுற்றும், வரவிருக்கும் சுமைகளுக்காகப் பலகையில் காலியிடமும் ஒதுக்கப்பட வேண்டும். வேலை முடிந்தபின் பைப்புகள் உண்மையில் சென்ற வழியைக் குறித்த படம் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் பாதுகாக்கப்பட வேண்டும். கட்டடச் செலவில் இவற்றுக்கு ஆவது மிகச் சிறு பங்கே. வடிவமைப்பவரும் ஒயர்மேனும் வீட்டுக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து அந்தத் தாளை நிரப்பும் சில மணி நேரம், அந்த வீட்டில் வாழப்போகும் இரண்டு தலைமுறைகளின் பாதுகாப்பை முடிவு செய்கிறது.