ஏடும் கணனியும்: இசையாக்கக் கல்வியில் கையெழுத்தின் இடம்

இசையாக்கம் பயிலும் மாணவன் தன் இசையைத் தாளில் கையால் எழுதுதல் வேண்டுமா, அன்றிக் கணனித் திரையில் அமைத்தல் போதுமா என்னும் வினா இசை பயிற்றுவோரிடையே எழுப்பப்படுகின்றது. இதனை வெறும் கருவி பற்றிய பிணக்காகக் கொள்வாருமுளர். மேலைத்தேய இசை வரலாற்றை நோக்குமிடத்து, இது கற்பித்தல் முறை பற்றிய வினாவே என்பது புலனாகும்.

யொகான் செபஸ்தியன் பாக் 1695ஆம் ஆண்டளவில் பெற்றோரை இழந்து, தமையனாரின் இல்லத்தில் வளர்ந்தார். தமையனார் பூட்டிவைத்திருந்த இசைச்சுவடியை இரவிலே எடுத்து, நிலவொளியில் ஆறு மாதங்களாக அவர் படியெடுத்தார் என 1754இல் வெளிவந்த இரங்கற் குறிப்புக் கூறுகின்றது. இதிற் புனைவு கலந்திருக்கலாம். எனினும், அக்காலத்திற் படியெடுத்தலே ஒரு பாடமாக விளங்கிற்று என்பதில் ஐயமில்லை. பாக்கின் மாணாக்கரும் அவருடைய ஆக்கங்களைப் படியெடுத்தே பயின்றனர்.

பாக் தம் ஆக்கங்களுட் பெரும்பாலானவற்றை வாத்தியத்தின் துணையின்றி எழுதி, பின்னரே வாசித்துப் பார்த்தார் என அவர் மைந்தர் கார்ல் பிலிப் எமானுவேல் 1775இல் எழுதிய கடிதமொன்று தெரிவிக்கின்றது. அகச்செவி முதலிற் கேட்டது. புறச்செவி பின்னர்ச் சரிபார்த்தது. இவ்வரிசை ஈண்டுக் கருதத்தக்கது.

1785 முதல் 1787 வரை வியன்னாவில் மோட்சார்ட்டிடம் பயின்றவர் ஆங்கிலேயரான தோமஸ் அற்வூட். அவருடைய பயிற்சித் தாள்கள் இன்றும் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. மாணவரின் பிழையும் ஆசிரியரின் திருத்தமும் அவற்றில் அருகருகே காணப்படுகின்றன. இரு நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் அவ்வகுப்பறையை நாம் காண முடிவது, அடித்துத் திருத்தியவையும் அழியாது நின்றமையாலேயாம்.

1988இல் ‘பினாலே’, 1993இல் ‘சிபெலியஸ்’ ஆகிய குறியீட்டு மென்பொருள்கள் வெளிவந்தன. இவற்றின் நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. ஒவ்வொரு வாத்தியத்துக்குமுரிய தாளைத் தனித்தனியே எழுதும் பெருஞ்சுமை நீங்கிற்று. வாத்தியக்குழு எதனையும் அணுக வாய்ப்பில்லாத மாணவனும் தன் ஆக்கத்தை ஓரளவு கேட்கலானான்.

ஆயினும் இழப்புகளும் உள. கணனி உடனே இசைத்துக் காட்டுவதால், அகச்செவி உழைக்குமுன்னரே புறச்செவி தீர்ப்பளித்துவிடுகின்றது. அத்தீர்ப்பும் எப்போதும் மெய்யன்று. தாழ்ந்த சுரத்தில் ஒலிக்கும் புல்லாங்குழல், பித்தளை வாத்தியங்களின் முழக்கத்திடையே கணனியில் தெளிவாகக் கேட்கலாம். அரங்கில் அது அமிழ்ந்துபோகும். அழித்த சுரம் பெரும்பாலும் சுவடின்றி மறைவதால், மாணவன் சென்ற வழியை ஆசிரியர் காண்பதும் அரிதாகின்றது. பினாலேயின் வளர்ச்சி நிறுத்தப்படுவதாக 2024இல் அறிவிக்கப்பட்டது. அற்வூட்டின் தாளைப் படிக்கக் கண் ஒன்றே போதும். கணனிக் கோப்போ அதனைத் திறக்கும் மென்பொருள் உள்ளவரையே பேசும்.

ஆகவே, ஒன்றைக் கொண்டு மற்றதை விலக்குதல் தீர்வாகாது. முதல் வரைவைக் கையால், ஒலியின்றி, அடித்தல் திருத்தல்களுடன் எழுதுவித்தல் வேண்டும். அதன்பின் கணனியிற் கேட்டுச் சரிபார்ப்பித்தல் வேண்டும். இது புதுமுறையன்று. பாக் எழுதிய பின்னரே வாசித்துப் பார்த்த அதே வரிசையே இது. கருவிகள் மாறலாம்; முதலிற் கேட்கவேண்டியது மாணவனின் உள்ளமே என்பது மாறுதற்குரியதன்று.