ஜாம்பியா பட்ட கடன்

கடன் யாவும் ஒரு தன்மையன அல்ல. கொடுப்பவர் எவர் என்பதைக் காட்டிலும், எந்நிபந்தனையில் கொடுக்கிறார், எவர் அறிய அது வாங்கப்பட்டது என்பனவே அதன் முடிவை நிர்ணயிக்கின்றன. ஆப்பிரிக்காவின் செம்பு வளநாடாகிய ஜாம்பியாவின் வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது.

1964-இல் விடுதலை பெற்ற அந்நாட்டிற்குக் கடற்கரை கிடையாது. அதன் செம்பு ரொடீஷியாவைக் கடந்தே துறைமுகம் சேர வேண்டியிருந்தது. 1965-இல் அங்குள்ள வெள்ளையர் தாமாகவே சுதந்திரப் பிரகடனம் செய்து கொண்டபின் அவ்வழி நம்பத்தக்கதாய் இல்லை. கிழக்கே புதியதோர் இருப்புப் பாதை வேண்டி அதிபர் கென்னத் கவுண்டாவும் தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரேயும் மேலைநாடுகளை நாடினர். இலாபம் தராது என்று கை விரித்தனர். அவ்வேளையில், தானே வறுமையில் உழன்ற சீனா முன்வந்தது. 1967-இல் உடன்படிக்கை ஆயிற்று. 988 மில்லியன் யுவான், வட்டியில்லாக் கடன். 'அமைதியின் இல்லம்' எனப் பொருள்படும் அரபுப் பெயர் தாங்கிய தாருஸ்ஸலாம் துறைமுகத்திலிருந்து கப்பிரி ம்போஷி வரை 1,860 கிலோமீட்டர் நீளப் பாதை 1975-இல் முற்றுப்பெற்றது. பின்னாளில் பராமரிப்புக் குன்றி அது தளர்ந்ததும் உண்மையே. எனினும் அக்கடன் ஜாம்பியாவின் கழுத்தை நெரிக்கவில்லை.

நெரித்தவை பின்வந்த கடன்கள். 2005-க்குப் பின் பழங்கடனின் பெரும்பகுதி தள்ளுபடியாயிற்று. சுமை நீங்கிய தோள் மீண்டும் சுமை தேடியது. 2012 முதல் 2015 வரை மும்முறை பன்னாட்டுச் சந்தையில் பத்திரம் விற்று 300 கோடி டாலர் திரட்டினர். சாலைக்கும் விமான நிலையத்திற்கும் மின் நிலையத்திற்கும் சீன வங்கிகளிடம் வாங்கினர். முன்போல் வட்டியின்றி அல்ல. செம்பு விலை வீழ்ந்தது; நோய்த்தொற்றும் வந்தது. 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைச் செலுத்த இயலாது நாடு தவறியது.

2021-இல் ஆட்சி மாறிற்று. அவ்வாண்டு ஆய்வாளர் கணக்கிட்டபோது, சீனத் தரப்புக் கடன் சுமார் 660 கோடி டாலர் என மதிப்பிட்டனர். முந்தைய அரசு வெளியிட்டதோ ஏறத்தாழ அதிற்பாதி. 2023 ஜூனில், சீனாவும் பிரான்சும் இணைத்தலைமை வகித்த கடன் கொடுத்தோர் குழு, 630 கோடி டாலரைச் சீரமைக்க இசைந்தது.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதும் சாட்சி வைப்பதும் நம் குடும்பங்கள் நன்கறிந்த ஒழுங்கு. அரசுக்கும் அதுவே பொருந்தும் என்போம். கையொப்பமிட்டவர் பதவி நீங்கிப் போயினர். தாம் அறியாத கடனை அடைக்கும் பொறுப்போ குடிமக்கள் தலையில் நின்றது.