மகன் என்னும் சொல் விகுதியான வரலாறு: ஸ்காண்டிநேவியக் குடும்பப் பெயர்கள்

ஐரோப்பியக் குடும்பப் பெயர்களைத் தொழில், ஊர், உடற்கூறு, தந்தை பெயர் என்னும் அடிப்படைகளில் வகுத்துப் பொருள் கூறுவது மரபு. இவ்வகைப்பாடு ஒரு பெயர் எதிலிருந்து பிறந்தது என்பதை விளக்கும். அதன் பொருள் எப்போது மறைந்தது என்பதை விளக்காது. மொழிபெயர்ப்பாளர்க்குப் பின்னதும் இன்றியமையாதது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் தந்தை வழிப் பெயர்கள் குடும்பப் பெயர்களாக உறைந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1. பெயரின் அமைப்பு

பழைய டேனிய வழக்கில், பெடெர் என்பவரின் மகன் யென்ஸ் ‘யென்ஸ் பெடெர்ஸென்’ என்றும், மகள் அன்னெ ‘அன்னெ பெடெர்ஸ்டாட்டெர்’ என்றும் வழங்கப்பெற்றனர். தந்தை பெயர், உடைமைப் பொருளில் வரும் ‘ஸ்’ உருபு, முறைப்பெயர் என மூன்று உறுப்புகள் இவற்றில் உள்ளன. மகனைக் குறிக்கும் சொல் உயிர் தேய்ந்து ‘ஸென்’ என்றாயிற்று. அதன் முதல் மெய்யோடு உருபும் ஒன்றிவிட்டது. மகளைக் குறிக்கும் வடிவில் உருபு தெளிவாகத் தெரிகின்றது. ‘யோஹான்ஸ்ஸோன்’ என்னும் சுவீடியப் பெயரிலோ இரண்டு ‘ஸ்’களும் எழுத்தில் நிலைத்தன.

யென்ஸின் மக்கள் பெடெர்ஸென் ஆகார். யென்ஸென், யென்ஸ்டாட்டெர் எனப் பெறுவர். பெயரின் பின்பகுதி தலைமுறைதோறும் மாறியது. எனவே அது குடும்பத்தின் பெயரன்று. ஒருவர் யாருடைய மகன் அல்லது மகள் என்று கூறும் தொடர். ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’ எனச் சங்கப் புலவர் ஒருவர் குறிக்கப்பெறுவதும் இத்தகையதே.

2. சட்டமும் உறைவும்

டென்மார்க்கின் உயர்குடியினர் நிலையான குடும்பப் பெயர் கொள்ளுதல் வேண்டும் என 1526இல் ஆணை பிறந்தது. 1828ஆம் ஆண்டின் ஆணை இதனைப் பொதுமக்களுக்கும் விரித்தது: திருமுழுக்கின்போதே குழந்தைக்கு இயற்பெயருடன் குடும்பப் பெயரும் இடப்பெறுதல் வேண்டும் என்றது. நாட்டுப்புறங்களில் பழைய வழக்கம் எளிதில் மறையவில்லை. 1856இல் மீண்டும் விதி செய்ய நேர்ந்தது. சுவீடனில் 1901ஆம் ஆண்டின் பெயர் விதிகளும், நார்வேயில் 1923ஆம் ஆண்டின் சட்டமும் இப்போக்கினை உறுதிப்படுத்தின. நார்வேயில் பலர் தாம் வாழ்ந்த பண்ணையின் பெயரையே குடும்பப் பெயராக்கினர். முன்னர் ஒருவர் பண்ணை மாறினால் அப்பெயரும் மாறுவது இயல்பு.

இம்மாற்றத்தின் மொழியியல் விளைவு நோக்கத்தக்கது. ‘ஸென்’ வடிவம் மாறாமல் அடுத்த தலைமுறைக்குச் சென்றபோது ‘டாட்டெர்’ வடிவம் வழக்கிழந்தது. இருபாலார்க்கும் பொதுவாக எஞ்சியது மகனைக் குறித்த வடிவமே. இன்று ஹான்ஸென் எனப் பெயர் கொண்ட பெண் ஹான்ஸின் மகன் அல்லள். அவர் தந்தையின் பெயரும் ஹான்ஸாக இருக்க வேண்டுவதில்லை. முறைப்பெயர் தன் பொருளை இழந்து விகுதியாயிற்று. தொடர் அடையாளக் குறியாயிற்று.

3. ஐஸ்லாந்தின் நிலை

ஐஸ்லாந்து இதற்கு மாறான வழியில் சென்றது. 1925ஆம் ஆண்டின் சட்டம் புதிய குடும்பப் பெயர்களை மேற்கொள்வதைத் தடுத்தது. 1980 முதல் 1996 வரை குடியரசுத் தலைவராக விளங்கிய விக்டிஸ் ஃபின்போகடோட்டிர், ஃபின்போகி என்பவரின் மகள். ‘ஃபின்போகி’ என்னும் எழுவாய் வடிவம் உடைமைப் பொருளில் ‘ஃபின்போக’ எனத் திரிந்திருப்பது, இப்பெயரில் இலக்கணம் இன்றும் உயிருடன் இயங்குவதைக் காட்டும். விதிவிலக்குகளும் உண்டு. 1955இல் இலக்கியத்திற்கான நோபெல் பரிசு பெற்ற ஹல்டோர் லக்ஸ்னஸ், தாம் வளர்ந்த பண்ணையின் பெயரை ஏற்றவர். 2019ஆம் ஆண்டின் சட்டம், மகன், மகள் என்னும் இரண்டிற்கும் புறம்பாக, தம் பாலினம் வரையறுக்கப்படாது எனப் பதிந்தோர் ‘பூர்’ என்னும் பொதுச் சொல்லைச் சேர்க்க இடமளித்தது. பொருள் உணரப்படும் இடத்திலேயே இத்தகைய திருத்தம் தேவைப்படும்.

4. மொழிபெயர்ப்பும் பெயரும்

ஐஸ்லாந்தில் ஒருவரை இயற்பெயரால் சுட்டுவது மரியாதைக் குறைவன்று. பெயர்ப் பட்டியல்களும் இயற்பெயர் வரிசையிலேயே அமையும். ஆகவே அத்தலைவரை ‘ஃபின்போகடோட்டிர்’ என்று மட்டும் சுட்டும் மொழிபெயர்ப்பு, அவர் பெயரை விட்டுவிட்டு அவர் தந்தையையே நினைவூட்டுகின்றது. ‘விக்டிஸ்’ எனக் கூறி, தமிழ் மரபுக்கேற்ப உயர்வுப் பன்மையால் மதிப்புணர்த்துவதே பொருந்தும்.

பதினெட்டாம் நூற்றாண்டு டேனியச் சிற்றூரைப் பற்றிய நூலில் வரும் ‘பெடெர்ஸ்டாட்டெர்’ என்பதைப் ‘பெடெரின் மகள்’ என ஓரிடத்திலேனும் விளக்குதல் கடன். இருபதாம் நூற்றாண்டு நூலில் வரும் ‘ஹான்ஸென்’ என்பதை அவ்வாறு விளக்குதல் பிழை. வேர்ச்சொல் ஆராய்ச்சி இரண்டிற்கும் ஒரே தன்மையான விடை தரும். எதனைப் பொருளாகவும் எதனைப் பெயராகவும் கொள்வது என்பதை வரலாறே தெளிவிக்கும்.