ரணகள்ளி இலையின் புளிப்பு

மாடிமுகப்பே தோட்டமாக அமைந்துவிட்ட வெளிமாநில நேயர்களுக்கு ரணகள்ளி உகந்த செடி. ஈரமணலின்மீது ஓர் இலையைக் கிடத்தினாற் போதும். அதன் விளிம்பிலேயே குட்டிச் செடிகள் தோன்றும். வேர் விட்டதும் பிரித்து நடலாம். நீர் மிகுந்தால் அழுகிவிடும்.

மேல்நாட்டுப் பூந்தோட்டங்களின் சீடச் செடிக்கு உறவான இதன் தாயகம் மடகாஸ்கர். எனினும், விஞ்ஞான வரலாற்றில் இது இடம்பெற்றது நம் நாட்டு மண்ணிலிருந்தே.

தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாராகப் பணிபுரிந்த ஜெர்மானியர் பெஞ்சமின் ஹெய்ன். அவர் இவ்விலையைச் சுவைத்துப் பார்த்தார். காலையில் அது சுக்காங்கீரை போலப் புளித்தது, நண்பகலில் சுவையற்றிருந்தது, மாலையில் சற்றே கசந்தது. இதனை அவர் கடிதமாக எழுத, 1815-இல் லின்னேயன் சங்க வெளியீட்டில் அது அச்சேறியது. நாவொன்றே அவருக்குக் கருவி! நம் நாட்டு வைத்தியர் முன்னரே இதனை அறிந்திருக்கவுங் கூடும். பொழுது குறித்து ஏட்டில் பதித்தவர் ஹெய்னே என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

காரணம் தெளிவாக விளங்குவதற்கு நூறாண்டுக்கு மேலாயிற்று. நீரைக் காக்கும் பொருட்டு இச்செடி பகலில் இலைத்துளைகளைப் பெரிதும் மூடிக்கொள்கிறது. இரவில் அவற்றைத் திறந்து கரியமிலவாயுவை ஏற்று, மாலிக் அமிலமாகச் சேமிக்கிறது. விடியற்காலைப் புளிப்பு அதனால் நேர்வதே. வெயில் ஏற ஏற அமிலம் சிதைந்து, அவ்வாயு உணவாக்கப் பயன்படுகிறது. அன்னாசியும் இவ்வழியையே கையாள்கிறது. ஆயினும், இம்முறைக்கு ரணகள்ளியின் குடும்பப் பெயரான கிராசுலேசியே என்பதையே சூட்டியுள்ளனர்.

ஹெய்னைப் பின்பற்றி நாமும் இலையை மெல்லுதல் தகாது. இதிலுள்ள சில பொருள்கள் இதயத்தைத் தாக்குவன. மேய்ந்த கால்நடைகள் மடிந்ததுண்டு.