செல்லுக்குள்ளே ஒரு அமிலப் பை: மருந்து அவிழ்ந்த கதை

இன்னைக்கு ஒரு முடிச்சோட வரலாறு.

டானோமைசின்னு ஒரு புற்றுநோய் மருந்து. ரத்தத்தில் ஏற்றினால் நோயுள்ள செல்லை மட்டும் தேடிப் போகாது. உடம்பெல்லாம் சுற்றும், இதயத்தையும் பாதிக்கும். சரி, ஒரு பாலிமர் சங்கிலியில் கட்டி அனுப்பினால்? 1975-ல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெல்முட் ரிங்ஸ்டார்ஃப் இதற்கு ஒரு மாதிரியே வரைந்து கொடுத்தார். ஆனா கட்டின மருந்து சரியான இடத்தில் அவிழணுமே?

அந்த இடத்தை 1955-லேயே பெல்ஜியத்தின் கிறிஸ்டியன் டி டூவ் கண்டுபிடித்திருந்தார்: லைசோசோம். செல் விழுங்குகிற பெரிய மூலக்கூறுகள் பெரும்பாலும் இந்தச் செரிமானப் பைக்குத்தான் வந்து சேரும். 1978-ல் ஓகுமாவும் பூலும், அமிலத்துக்கேற்ப ஒளிர்வு மாறுகிற சாயத்தைச் செல்லுக்கு ஊட்டி உள்ளே அளந்தார்கள். பிஹெச் சுமார் 4.8. ரத்தத்தில் 7.4. வித்தியாசம் சின்னதா தெரியுதா? இது லாக் கணக்கு. அமிலத்தன்மை ஏறக்குறைய 400 மடங்கு அதிகம்.

1981-ல் பாஸ்டனில் ஷென், ரைசர் ரெண்டு பேரும் இதையே ஒரு இஃப் கண்டிஷனா மாத்தினாங்க. பாலிமருக்கும் டானோமைசினுக்கும் நடுவே சிஸ்-அகோனிடைல் என்ற இணைப்பு. பிஹெச் 4-ல் 3 மணி நேரத்துக்குள் பாதி அறுந்துவிடும்; 6-க்கு மேலே 96 மணி நேரம் தாண்டியும் பாதிகூட அறுபடாது. அழகு என்னன்னா, செல்லின் நொதிகளால் செரிக்க முடியாத பாலி-டி-லைசினைத்தான் பாலிமரா எடுத்தாங்க. அமிலத்தில் அறுபடாத இன்னொரு இணைப்பையும் ஒப்பீட்டுக்கு வெச்சாங்க. முதலாவது செல் வளர்ச்சியைத் தடுத்தது, இரண்டாவது ஒன்றும் செய்யவில்லை. ஆக, மருந்தை விடுவித்தது அமிலம்தான்.

டானோமைசின் சின்ன மூலக்கூறு. அவிழ்ந்ததும் பையின் சவ்வைத் தாண்டிடும். மரபணு மருந்து அப்படி இல்லை. பைக்குள்ளேயே மாட்டி, செரிந்து போகும். 1995-ல் பிரான்சில் ழான்-பால் பேரின் குழு, பாலிஎத்திலீன்இமைன் என்ற பாலிமரால் டிஎன்ஏவைச் செல்லுக்குள் சேர்த்தது. அவர்கள் சொன்ன விளக்கம்: பாலிமர் அமிலத்தை உறிஞ்ச உறிஞ்ச, செல் மேலும் மேலும் உள்ளே பம்ப் பண்ணும், கூடவே தண்ணீரும் புகும், பை உப்பி வெடிக்கும். அப்படித்தான் நடக்குதா என்ற விவாதம் இன்னும் ஓயலை. அதோட, அந்தப் பாலிமர் செல்லுக்கே நஞ்சு.

2018-ல் ஒரு பரம்பரை நரம்பு நோய்க்கு ஒப்புதல் பெற்ற பாடிசிரான் மருந்தில் பாலிமருக்குப் பதில் கொழுப்புத் துகள். யோசனை அதேதான்: ரத்தத்தில் நடுநிலை, அமிலத்தில் மின்னேற்றம். கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளும் இந்த வழிதான்.

ஆனா 2013-ல் வந்த ஒரு ஆய்வு, இத்தகைய துகள்களில் போகும் ஆர்என்ஏவில் 1 முதல் 2 சதவீதம்தான் பையிலிருந்து தப்புதுன்னு காட்டியது. மீதி வீண். அந்த எண் ஏறினால், நோயாளிக்குத் தேவைப்படும் டோஸும் பக்கவிளைவும் குறைய வழியுண்டு. முடிச்சை அவிழ்க்கக் கத்துக்கிட்டோம். கதவைத் திறக்கிறதுதான் இன்னும் பாக்கி.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.