காரின் பின் ஸ்பொய்லரை வீட்டில் கழற்றுவது எப்படி? கழற்றிய பின் துளைகளை என்ன செய்வது?

கடந்த மாரியில் அண்ணாவின் சக்கர நாற்காலி மெத்தை மூன்று முறை நனைந்தது. மூன்று முறையும் அது காரின் டிக்கிக்குள், மூடி பூட்டியபடிதான் இருந்தது.

2009இல் எறிகணைச் சிதறல் முதுகுத்தண்டில் பட்ட நாளிலிருந்து அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மெத்தை ஈரமாக இருந்தால் தொட்டுப் பார்க்கும் எங்களுக்குத் தெரியும். அதில் இருக்கும் அவருக்குத் தெரியாது. தோல் ஈரத்தில் ஊறி, அதே இடத்தில் அழுத்தமும் தொடர்ந்தால் அழுத்தப்புண் வரும். வந்தால் ஆற மாதங்கள் செல்லும். இதே நிலையில் ஒருவரை வைத்துப் பராமரிக்கும் வீடுகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. டிக்கிக்குள் தண்ணீர் என்பது எங்கள் வீட்டில் வெறும் கார்ப் பிரச்சினை அல்ல.

முதலில் ஒரு கராஜில் டிக்கியின் ரப்பர் பீடிங்கை மாற்றினார்கள். பணம் போனது, அடுத்த மழைக்குத் தண்ணீரும் வந்தது. அதன்பின் நாங்களே பார்த்தோம். டிக்கியை வெறுமையாக்கி, பழைய பத்திரிகைத் தாள்களை விரித்தோம். மூடியின் உட்பக்கத்தில் ஒவ்வொரு நட்டைச் சுற்றியும் ரிஷூத் துண்டு ஒன்றைச் செருகினோம். மூடியைப் பூட்டி, அண்ணி பத்து நிமிடம் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினார். திறந்தபோது பீடிங் ஓரம் காய்ந்திருந்தது. ஸ்பொய்லரைப் பூட்டிய நான்கு இடங்களில் இரண்டில் ரிஷூ ஊறியிருந்தது.

“தங்கச்சி, மழை வாற இடம் உதுதான். உதைக் கழட்டுங்கோ” என்றார் அண்ணி.

ஸ்பொய்லர் எதற்காக?

கார் வேகமாக ஓடும்போது அதன் மேலால் ஓடும் காற்று பின்பகுதியைச் சற்று மேலே தூக்கப் பார்க்கும். அந்தக் காற்றோட்டத்தைக் குழப்பி, தூக்கும் விசையைக் குறைப்பதுதான் ஸ்பொய்லரின் வேலை. 1970களின் தொடக்கத்தில் வந்த போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் காரின் வாத்துவால் வடிவம் இதற்குப் பெயர்பெற்ற உதாரணம்.

ஆனால் இந்த விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. வேகம் பாதியானால் விசை காற்பங்காகிவிடும். எங்கள் நாட்டில் கார்களுக்கான வேக எல்லை நகரப் பகுதிகளில் மணிக்கு 50 கிலோமீற்றர், அதற்கு வெளியே 70, அதிவேகப் பாதையில் 100. ஏ9 வீதியில் ஓடும் குடும்பக் கார் ஒன்றுக்கு ஸ்பொய்லர் பெரும்பாலும் அழகுக்குத்தான். கழற்றினால் ஓட்டத்தில் வித்தியாசம் உணரமாட்டீர்கள்.

2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தோடு பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டிய பாகங்களைக் கழற்றச் சொன்னபோது, கார் வைத்திருப்பவர்கள் சிலரும் இதைப் பற்றி யோசித்தார்கள். பயத்தில் அவசரப்பட்டுக் கழற்றத் தேவையில்லை. ஆனால் வெடித்த, ஆடுகிற, தண்ணீர் விடுகிற ஸ்பொய்லரை அப்படியே விட்டால் டிக்கி மூடி உள்ளிருந்து துருப்பிடிக்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பின்னும் வரியோடு சேர்ந்த விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. இருக்கிற பழைய காரைக் காப்பாற்றுவதுதான் வழி.

எந்தக் காரில் கழற்றலாம்?

எங்களது டொயோட்டா கொரோலா 121. இதைப்போல டிக்கி மூடி தனியாக உள்ள செடான் கார்களில், மூடிக்கு மேல் பூட்டிய ஸ்பொய்லரை வீட்டில் கழற்றலாம்.

பின்கதவு முழுதாகத் திறக்கும் கார்களில் கவனம் வேண்டும். அவற்றில் கண்ணாடிக்கு மேலே வரும் ஸ்பொய்லருக்குள் மூன்றாவது பிரேக் லைட்டும் கண்ணாடி கழுவும் தண்ணீர்க் குழாயும் இருக்கக்கூடும். பிரியஸ் போன்ற கார்களில் இரண்டு பின்கண்ணாடிகளுக்கு நடுவே அது வருகிறது. கழற்றினால் திறந்த இடம் மிஞ்சும். அவற்றில் கைவைக்க வேண்டாம்.

ஸ்பொய்லரில் பிரேக் லைட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒருவர் பிரேக்கை மிதிக்க இன்னொருவர் பின்னால் நின்றால் தெரிந்துவிடும். எங்கள் காரில் மூன்றாவது லைட் பின்கண்ணாடிக்குள் இருந்தது, பிரச்சினை இல்லை. உங்கள் காரில் அது ஸ்பொய்லரில் மட்டும் இருந்தால், கண்ணாடிக்குள் பூட்டும் ஒரு லைட்டை முதலில் வாங்கி வைத்துவிட்டுக் கழற்றுங்கள். பின்னால் வரும் பஸ் சாரதியின் கண்ணுக்கு நேரே எரிவது அந்த லைட்தான்.

தேவையானவை

10 மில்லிமீற்றர் சொக்கட், ரட்செட், நீட்டிப்புத் தண்டு (சில கார்களுக்கு 8 மில்லிமீற்றர்), மாஸ்கிங் ரேப், தங்கூசி நூல், தலைமயிர் உலர்த்தி அல்லது நல்ல வெயில், மண்ணெண்ணெய், பழைய பருத்தித் துணி, சவர்க்காரத் தண்ணீர், துளைக்கு ஏற்ற ரப்பர் அடைப்பான்கள், சீலன்ற், துருத்தடுப்பு பிரைமர், உதவிக்கு ஒருவர்.

கழற்றும் முறை

1. லைட் வயர் இருந்தால் பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றுங்கள். டிக்கி மூடியின் உள்மறைப்பில் உள்ள பிளாஸ்ரிக் கிளிப்புகளை மெதுவாக எடுங்கள். பழைய கிளிப் இலகுவில் உடையும்.

2. ஸ்பொய்லரைச் சுற்றி மூடியின் பெயின்ற் மேல் மாஸ்கிங் ரேப்பை இரண்டு சுற்று ஒட்டுங்கள். கீறல் விழாமல் இருக்க இதுவே காவல்.

3. உள்ளிருந்து நட்டுகளைக் கழற்றுங்கள். மூடிக்குள் இருக்கும் குழியில் நட் விழுந்தால் எடுப்பது பெரும்பாடு. முதலில் அந்த இடத்தில் துணியை அடையுங்கள். இறுகியிருந்தால் துருநீக்கி எண்ணெய் விட்டு அரைமணி நேரம் பொறுங்கள். பலவந்தமாகத் திருப்பினால் பிளாஸ்ரிக்குக்குள் பதித்த போல்ட் சேர்ந்து சுற்றும். பிறகு வெட்டித்தான் எடுக்கவேண்டிவரும்.

4. கடைசி நட்டைக் கழற்றும்போது வெளியே ஒருவர் ஸ்பொய்லரைப் பிடித்திருக்க வேண்டும். வயர் இருந்தால் இணைப்பைப் பிரியுங்கள், வெட்ட வேண்டாம். முனையை இன்சுலேஷன் ரேப்பால் சுற்றி, ஆடாமல் கட்டுங்கள்.

5. நட் கழன்றும் ஸ்பொய்லர் வராது. அடியில் இரட்டைப்பக்க ரேப் பிடித்திருக்கும். இங்கேதான் பலர் ஸ்குரூட்ரைவரை விட்டு நெம்பி மூடியை நெளித்துவிடுகிறார்கள். இளஞ்சூடாக்குங்கள். மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காருக்கு வேறு சூடு தேவையில்லை. தங்கூசி நூலை ஓர் ஓரத்தால் அடியில் விட்டு, இருவர் இரு முனையையும் பிடித்து, வாள் இழுப்பதுபோல முன்னும் பின்னும் இழுங்கள். போல்ட் உள்ள இடம் வந்தால் நூலை வெளியே எடுத்து அடுத்த பக்கத்தால் விடுங்கள். பின்னர் ஸ்பொய்லரை நேராக மேலே தூக்குங்கள்.

6. மிஞ்சிய பசையை விரலால் உருட்டி எடுங்கள். போகாததை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, உடனே சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். தின்னர் வேண்டாம், திரும்ப அடித்த பெயின்றை அது கரைத்துவிடும்.

பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த 90களில் மொரிஸ் மைனரையும் ஏ40யையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் எங்களுடையது. உதிரிப்பாகம் வராத காலத்தில், இருந்ததை வைத்துத் திருத்திய மெக்கானிக்மார் அன்று ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். அண்ணா சிறுவயதில் அப்படியொருவரின் பட்டறையில்தான் பின்னேரங்களைக் கழித்தவர். நான் துணியும் போத்தலுமாக நின்றபோது, நாற்காலியில் இருந்தபடியே “கனக்க ஊத்தாதை, துணி நனைஞ்சால் காணும்” என்றார். அன்று முழுக்க வேலையை நடத்தியவர் அவர்தான்.

உண்மையான வேலை துளைகளில்

ஸ்பொய்லரைக் கழற்ற எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. துளைகளுக்கு இரண்டு நாள் ஆனது. கழற்றி எடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களின் டிக்கியில் முன்பைவிட அதிகமாகத் தண்ணீர் வரும்.

எங்கள் துளைகளில் இரண்டின் ஓரம் துருப்பிடித்திருந்தது. பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை மண்தாளால் தேய்த்து, துடைத்து, துருத்தடுப்பு பிரைமரைத் துளையின் உள்விளிம்புக்கும் பூசினோம். வெட்டிய விளிம்புதான் முதலில் துருப்பிடிக்கும் இடம். அது காய்ந்த பின் காரின் நிறத்தைப் பூசினோம். நிறத்தின் இலக்கம் வாகனத்தின் தகட்டில் இருக்கும். எங்களது 040 என்ற வெள்ளை. அதைச் சொன்னால் கடையில் கலந்து தருவார்கள்.

அடைப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. நிரந்தர வழி, டிங்கரிங் செய்பவரிடம் கொடுத்து துளையை வெல்டிங் செய்து பெயின்ற் அடிப்பது. வெல்டிங் சூட்டில் மூடியின் உட்புறப் பெயின்றும் எரியும். உள்ளேயும் துருத்தடுப்பு பூசச் சொல்லுங்கள். செலவு குறைந்த வழி, ரப்பர் அடைப்பான். துளையை அளந்து சரியான அளவில் வாங்கி, விளிம்பில் சீலன்ற் தடவி அமுக்குங்கள். நாங்கள் செய்தது இதுதான்.

சீலன்ற் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஹாட்வெயார் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சில சிலிக்கன் வகைகள் காயும்போது வினாகிரி மணம் வரும். அதில் வெளியேறும் அமிலம் உலோகத்தை அரிக்கும். மணமில்லாத நியூற்றல் வகையை, அல்லது வாகனங்களுக்கான பொலியூரித்தேன் சீலன்றைக் கேளுங்கள். ஒரு நாள் முழுதாகக் காயவிட்டு, முன்பு செய்த ரிஷூப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

ஸ்பொய்லர் இருந்த இடம் மட்டும் புதுநிறமாகத் தெரியும். பொலிஷ் போட்டால் வித்தியாசம் குறையும்; முழுதாக மறையாது.

மூடியின் பாரம் குறையும்

இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. டிக்கி மூடியைத் தூக்கும் ஸ்பிரிங் கம்பிகள் ஸ்பொய்லரின் பாரத்தையும் தாங்கிப் பழகியவை. பாரம் குறைந்ததும் எங்கள் மூடி முன்பைவிட வேகமாக மேலே வந்தது. நின்று திறப்பவருக்கு அது பெரிதல்ல. நாற்காலியில் இருப்பவரின் முகம் மூடியின் விளிம்புக்கு நேரே வரும். இப்போது ஒரு கையை மூடியில் வைத்தபடிதான் பூட்டைத் திறக்கிறோம். கம்பியின் இறுக்கத்தை மாற்ற நீங்களே முயல வேண்டாம். தெறித்தால் கை முறியும். அதைக் கராஜில் செய்யக் கொடுங்கள்.

கழற்றிய ஸ்பொய்லரைக் குப்பையோடு போட்டு எரிக்காதீர்கள். அந்தப் பிளாஸ்ரிக்கின் புகை நஞ்சு. வெடிக்காததென்றால் பழைய உதிரிப்பாகக் கடைக்காரர் வாங்குவார்.

இந்த வேலையைப் புரட்டாசிக்குள் முடிப்பது நல்லது. ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் பெயின்றும் சீலன்றும் காய வெயில் கிடைக்காது.

வேலை முடிந்து இரண்டாம் கிழமை இரவில் பெருமழை பெய்தது. விடிய அண்ணி முதலில் டிக்கியைத் திறந்து மெத்தையைத் தடவிப் பார்த்தார். பிறகு அதைக் கொண்டுபோய் அண்ணாவின் கையில் கொடுத்தார். அவர் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “காய்ஞ்சுதான் கிடக்கு” என்றார்.