அகாபாவுக்கு வராத எண்ணெய்

1983 டிசம்பர் 20 அன்று பாக்தாத்தில் எடுக்கப்பட்ட ஒரு படத்தை உலகில் பலரும் பார்த்திருப்பார்கள். அமெரிக்க அதிபர் ரீகனின் சிறப்புத் தூதராக வந்த டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட், சதாம் உசேனோடு கைகுலுக்கும் காட்சி அது. அன்று அவர்கள் பேசிய விஷயங்களில் ஒன்று, பலருக்கும் தெரியாத ஒரு எண்ணெய்க் குழாய்.

ஈராக்கிடம் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. அதை வெளியே கொண்டுபோக வழிதான் இல்லை. அந்நாட்டின் கடற்கரை மிகச் சிறியது. 1980 செப்டம்பரில் ஈரானோடு போர் மூண்டதும், சில வாரங்களிலேயே பாரசீக வளைகுடாவில் இருந்த ஏற்றுமதி முனையங்கள் செயலிழந்தன. 1982 ஏப்ரலில், ஈரானின் நண்பனான சிரியா தன் நாட்டு வழியே சென்ற குழாயையும் மூடிவிட்டது. போருக்கு முன் நாளொன்றுக்குச் சுமார் 30 லட்சம் பீப்பாய் விற்ற நாட்டுக்கு, துருக்கி வழிக் குழாய் ஒன்றுதான் மிஞ்சியது. போர் நடத்தப் பணம் வேண்டும், பணத்துக்கு எண்ணெய் விற்க வேண்டும்!

இந்த நேரத்தில்தான் அமெரிக்காவின் பெக்டெல் நிறுவனம் ஒரு திட்டத்தோடு வந்தது. ஈராக்கின் ஹதிதாவிலிருந்து ஜோர்டானின் அகாபா துறைமுகம் வரை குழாய் போடுவது. நாளொன்றுக்கு 10 லட்சம் பீப்பாய். செலவு ஏறத்தாழ 100 கோடி டாலர். அப்போது அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜார்ஜ் ஷுல்ட்ஸ், அதற்கு முன் இதே பெக்டெலின் தலைவராக இருந்தவர். அதனால் இந்த விவகாரத்தில் முடிவெடுப்பதிலிருந்து அவர் ஒதுங்கிக்கொண்டார். 1984 ஜூனில் அமெரிக்க ஏற்றுமதி-இறக்குமதி வங்கி சுமார் 48 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் தர முன்வந்தது. அதே ஆண்டு நவம்பரில், 1967 முதல் அறுந்திருந்த அமெரிக்க-ஈராக் தூதரக உறவும் மீண்டது.

பணம் தயார், கம்பெனி தயார். பிறகு என்ன தடை?

வரைபடத்தைப் பார்த்தால் புரியும். அகாபாவுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் இஸ்ரேலின் எய்லாத் துறைமுகம் இருக்கிறது. 1981 ஜூன் 7 அன்று ஈராக்கின் ஒசிராக் அணு உலையைக் குண்டு வீசித் தகர்த்த இஸ்ரேலிய விமானங்கள், அகாபா வளைகுடாவின் மேலாகத்தான் பறந்து சென்றன. குழாயையும் ஒருநாள் இப்படி அடித்துவிட்டால்? அப்படி நடந்தால் கடனை நாங்கள் திருப்பித் தர மாட்டோம் என்றது ஈராக். கடன் கொடுப்பவர்கள் அதற்கு எப்படிச் சம்மதிப்பார்கள்?

1985-ல் புரூஸ் ராப்பபோர்ட் என்ற சுவிஸ் தொழிலதிபர் உள்ளே வந்தார். அப்போதைய இஸ்ரேலியப் பிரதமர் ஷிமோன் பெரஸை அவருக்குத் தெரியும். குழாயைத் தாக்குவதில்லை என்று இஸ்ரேலிடம் உறுதி வாங்க முயன்றார். இந்த முயற்சி பின்னாளில் அமெரிக்காவில் பெரிய சர்ச்சையானது. சட்ட அமைச்சர் எட்வின் மீஸின் பங்கு குறித்துச் சுயேச்சை வழக்கறிஞர் ஒருவர் விசாரித்தார். மீஸ் மீது வழக்கு தொடரப்படவில்லை. ஆனாலும் 1988-ல் அவர் பதவி விலகினார்.

ஈராக் அதுவரை காத்திருக்கவில்லை. 1985-லேயே சவூதி அரேபியா வழியாகச் செங்கடலுக்குப் புதிய பாதை திறந்தது. துருக்கிக் குழாயையும் விரிவாக்கும் வேலை நடந்தது. இஸ்ரேலின் நிழலில் குழாய் போட வேண்டிய அவசியம் போயிற்று. ஈராக் திட்டத்தைக் கைவிட்டது.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்ததும், சவூதிக் குழாய், துருக்கிக் குழாய் இரண்டுமே மூடப்பட்டன. 'பாதுகாப்பானது' என்று நம்பிய வழிகளை அடைத்தது இஸ்ரேலின் குண்டு அல்ல, சதாமே எடுத்த முடிவு. தொண்ணூறுகளில் ஈராக் எண்ணெய் ஜோர்டானுக்குப் போனது உண்மை. ஆனால் குழாயில் அல்ல, பாலைவனச் சாலையில் வரிசை வரிசையாக ஓடிய டேங்கர் லாரிகளில்!

2013-ல் பாஸ்ராவிலிருந்து அகாபாவுக்குக் குழாய் போட ஈராக்கும் ஜோர்டானும் மீண்டும் ஒப்பந்தம் செய்தன. அகாபாவுக்கு இன்னும் குழாய் வந்து சேரவில்லை. எண்ணெய்க் குழாய்க்கு இரும்பும் பணமும் மட்டும் போதாது. அது போகும் வழியில் இருக்கிற எல்லோரும் பல ஆண்டுகள் அமைதியாக இருப்பார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டும். அந்த நம்பிக்கையை எந்த வங்கியாலும் கடனாகத் தர முடியவில்லை.